சிவப்புத் துணி இல்லாத ஓஸ்

என்னோடு சண்டை போட ஆளில்லாமல் செய்துவிட்டுப் போன என் தம்பி லூர்துவுக்கு,

முதலில் உனக்குப் பிடித்த செய்தி. வண்டி மறுபடியும் ஓடுகிறது. நேற்று கறம்பக்குடிப் பக்கம் ஒரு வீட்டுக்குக் கடைக்கால் தோண்டிவிட்டு, சக்கரமெல்லாம் செம்மண்ணோடு வந்து வாசலில் நிற்கிறது. முன்கையைத் தூக்கினால் தூக்கின இடத்திலேயே நிற்கிறது. முன்பு மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்கிப்போவதில்லை.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. அது உனக்குப் பிடிக்காது. கல்லறைக்கு வந்து காதோடு சொல்லியிருக்கலாம். ஆனால் நம் விஷயத்தை ஊரே பேசிவிட்டது. ஊர் பேசியதற்கு நான் மட்டும் மூடின கவரில் பதில் எழுதினால் சரியாக வருமா? அதனால் எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள், அவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நாம் மூன்று பேரும் சேர்ந்து வாங்கிய பழைய பொக்லைன் அது. முன்னால் மண் அள்ளுகிற பெரிய பக்கெட், அதைத் தூக்குகிற முன்கை, பின்னால் பள்ளம் தோண்டுகிற கை. உன் மச்சான், என் வீட்டுக்காரர் சேவியர், வண்டி ஓட்டுவார். வண்டிக்கு என்ன வந்தாலும் நீ பார்ப்பாய். போன் எடுத்து வேலை பிடிப்பது நான். புயலில் சாய்ந்த தென்னைகளை அள்ளினோம், கண்மாய் தூர் வாரினோம், செம்புராங்கல் பூமியில் கடப்பாரை இறங்காத இடத்திலெல்லாம் குழி எடுத்துக் கொடுத்தோம். ஊரில் யார் செத்தாலும் கல்லறைக் குழிக்கு நம் வண்டிதான் போகும், கைநீட்டிக் காசு வாங்க மாட்டோம். உன் குழியை மட்டும் ஆட்கள் கடப்பாரை போட்டுத்தான் வெட்டினார்கள். காலையில் தொடங்கியது, சாயங்காலம் வரை வெட்டினார்கள்.

அன்றைக்கு நடந்ததை ஒரு தடவைதான் எழுதுவேன். மறுபடி எழுத என்னால் ஆகாது.

ரொம்ப நாளாகவே முன்கை நிற்கவில்லை. தூக்கி நிறுத்திவிட்டு லிவரை விட்டால், யாரோ மேலே உட்கார்ந்து அழுத்துகிற மாதிரி மெல்ல மெல்ல இறங்கும். அன்று காலை டீக்கடை வாசலில் வைத்து உன் மச்சான் சொன்னார், "இன்னைக்கு வேலைக்கு வேணாம்டா. டவுனுக்குக் கொண்டு போயிக் காட்டிப்புடுவோம்." நீ என்ன சொன்னாய் என்று கடையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். "டவுன்ல என்னைய விடப் பெரிய டாக்டர் எவன் இருக்கான்? கையத் தூக்குற சிலிண்டருக்குள்ள சீல் போயிருக்கு மச்சான். நம்மளே பாத்துக்கலாம்." அவர் குரலை உயர்த்தினார், நீ அதற்கு மேல் உயர்த்தினாய். கடைசியில் வழக்கம் போல நீ ஜெயித்தாய்.

கண்மாய்க்குள் போய் வேலை பார்த்தீர்கள். மதியத்துக்கு மேல் நீ வண்டியை நிறுத்தச் சொன்னாய். முன்கையை மேலே தூக்கி வைக்கச் சொன்னாய், என்ஜினை அணைக்கச் சொன்னாய், இரண்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அதற்கு அடியில் புகுந்தாய். உன் மச்சான் சீட்டில் இருந்தார். கை விழுந்தது. நீ அடியில் இருந்தாய். என்ஜினைப் போட்டு அதைத் தூக்கப் பார்த்திருக்கிறார், எழும்பவில்லை, எண்ணெய் மட்டும் கொட்டியிருக்கிறது. பக்கத்து வயலில் இருந்தவர்கள் ஓடி வந்து, டிராக்டரைக் கட்டி இழுத்து உன்னை எடுத்தபோது நீ இல்லை.

அதற்குப் பிறகு எல்லாருக்கும் ஒரு கதை கிடைத்தது. எண்ணெய் போகிற ஓஸ் வெடித்துவிட்டது என்றார்கள் பாவம் பார்த்தவர்கள். லிவரில் கை பட்டிருக்கும் என்றார்கள் மற்றவர்கள். காலையில்தானே மச்சானும் மச்சினனும் முட்டிக்கொண்டார்கள் என்று அதோடு சேர்த்துக்கொண்டவர்களும் உண்டு. போலீசில் விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். விபத்துதான், யார் இல்லை என்றது? அந்த விபத்து எந்தக் கையால் நடந்தது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

உன் மச்சானைக் கேட்டேன். அவர் சொன்ன பதில்தான் என்னை இத்தனை காலம் தின்றது. நீ அடியிலிருந்து என்னவோ சொன்ன மாதிரி இருந்ததாம். காதில் வாங்க வேண்டும் என்று சீட்டிலிருந்தபடியே குனிந்தாராம். அந்த நேரம் பார்த்துக் கை விழுந்ததாம்.

"முழங்கால் லிவர்ல பட்டுச்சா படலையான்னு எனக்கே தெரியல அமலி. பட்டுச்சுன்னா பட்டுச்சுன்னு சொல்லிப்புடுவேன். படலன்னா படலன்னு சத்தியம் பண்ணுவேன். தெரியலையே, நான் என்னத்தச் சொல்ல?"

லூர்து, பொய் சொல்கிற மனுஷன் என்றால் அடித்துக் கேட்கலாம். தெரியாது என்று சொல்கிறவரை என்ன செய்வது? அவர் சோற்றைப் பிசையும்போது அந்தக் கையைப் பார்ப்பேன். பிள்ளையைத் தூக்கி மடியில் வைக்கும்போது அந்த முழங்காலைப் பார்ப்பேன். நான் பார்ப்பது அவருக்குத் தெரியும். எழுந்து வெளியே போய்விடுவார். ஒரே வீட்டில் இப்படி வாழ்வதற்குத் தனித்தனியாகப் போய்விடலாம் என்று நினைத்த நாட்களும் உண்டு. உன்னைக் கொன்றவரோடா நான் குடும்பம் நடத்துகிறேன்? இல்லை, ஒரு பாவமும் அறியாதவரையா தினமும் கொன்றுகொண்டிருக்கிறேன்? இதில் எது என்று தெரியாமல் எனக்கு ஜெபம்கூட வரவில்லை.

அவர் வண்டிச் சாவியைத் தொடவில்லை. கொத்தனார் வேலைக்குக் கையாளாகப் போனார். வண்டி தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு புளியமரத்தடியில் நின்றது.

அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. "எம்மகன் மெசின்ல தப்புப் பண்ண மாட்டான்." அவ்வளவுதான் அவள் சொன்னது. நீ தப்புப் பண்ணவில்லை என்றால் மிச்சம் ஒருத்தர்தானே? அடுத்த தெருவில் இருந்துகொண்டு என் வாசலை மிதிக்கவில்லை. பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு மீன்குழம்பு ஊற்றிக் கொடுப்பாள். பூசையில் எங்களைப் பார்த்தால் அந்தப் பக்கத்துப் பெஞ்சுக்குப் போய்விடுவாள்.

இந்தக் கல்லறைத் திருநாளுக்கு உன் இடத்தைச் சுத்தம் பண்ணிச் சுண்ணாம்பு அடித்தது உன் மச்சான்தான். அம்மா வருவதற்கு முன்னால் காலையிலேயே போய் அடித்துவிட்டு வந்துவிட்டார். சாயங்காலம் சாமியார் கல்லறைகளை மந்திரிக்கிற நேரத்தில் மெழுகுவர்த்தி விற்கிறவர்களோடு கேட்டுக்கு வெளியே நின்றார். நான் கையைக் காட்டிக் கூப்பிட்டேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "அவரு உள்ள வந்தா நான் வெளிய போயிருவேன்" என்றாள். கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். அவர் கையில் வைத்திருந்த பூவைக் கேட்டில் சொருகிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலையில் நான் தார்ப்பாயைப் பிடித்து இழுத்தேன். அவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்ற?"

"இன்னைக்கு வேலைக்குப் போகாதீங்க. பாத்துருவோம்."

"எதப் பாக்க?"

"நீங்களா இல்லையான்னு."

"நான்தான்னு தெரிஞ்சா?" என்றார்.

"தெரிஞ்சா அழுவோம். தெரியாமத்தானங்க இப்பச் செத்துக்கிட்டு இருக்கோம்."

பக்கத்து வீட்டு டிராக்டர் பேட்டரியைக் கொண்டு வந்து மாட்டினார். கொட்டிப்போயிருந்த எண்ணெயைக் கேன் வாங்கி வந்து நிரப்பினோம். வண்டியோடு வந்த இரும்புத் தாங்கல் ஒன்று இருக்குமே, முன்கையைத் தூக்கி சிலிண்டர் தண்டின் மேல் மாட்டிவிட்டால் எண்ணெய் முழுக்க வடிந்தாலும் கை இறங்காது, அதைத் தேடினேன். அம்மா வீட்டு மாட்டுக் கொட்டகைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து நின்றது. ஓடும்போது கடகடவென்று சத்தம் போடுகிறது என்று நீதான் கழற்றிப் போட்டாய், அம்மா எடுத்துக் கதவுக்கு வைத்துக்கொண்டாள். நான் போய் அதை உருவினேன். அம்மா சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். "அது எதுக்கு?" என்றாள். நான் கதவைக் கயிற்றால் கட்டிவிட்டு வந்துவிட்டேன்.

சீட்டில் ஏற மாட்டேன் என்றார் உன் மச்சான். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு நானே ஏறினேன். சிரிக்காதே. அவர் கதவோரம் நின்று சொல்லச் சொல்ல, சாவியைத் திருகினேன், லிவரை இழுத்தேன், முன்கை உறுமிக்கொண்டு மேலே போனது. என்ஜினை அணைத்தேன். "அங்கிட்டுப் போங்க, மரத்துக்கு அங்கிட்டு" என்று அவரை விரட்டினேன். அடியில் ஒரு கோழிகூட இல்லை என்று பார்த்துக்கொண்டேன். பிறகு அவர் சொன்ன மாதிரியே குனிந்து, முழங்காலால் லிவரை நெட்டினேன்.

இறங்கியது. லிவர் பட்டால் இறங்கத்தான் செய்யும், என்ஜின் அணைந்திருந்தாலும் இறங்கும். ஆனால் மூட்டுவலிக்காரி பாயில் உட்காருகிற மாதிரி நிதானமாக இறங்கியது. உன்னைப் போல ஒருவன் அடியிலிருந்து எழுந்து, என்னைத் திட்டிக்கொண்டே வெளியே வந்திருக்கலாம்.

அவர் மரத்தடியில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். "அன்னைக்கு இப்பிடி எறங்கல அமலி. மூச்சு விடுறதுக்குள்ள விழுந்துருச்சு."

எனக்கு அது போதவில்லை. உண்மையைச் சொல்கிறேன், போதவில்லை. தப்பித்துக்கொள்ள நினைக்கிற மனசு அப்படித்தானே ஞாபகம் வைத்துக்கொள்ளும்? அதை அவரிடம் சொல்லவில்லை. புதுக்கோட்டைக்குப் போன் போட்டு, பழைய வண்டிகளைப் பிரித்துச் சேர்க்கிற கனி பாயை வரச் சொன்னேன். போலீஸ் பார்த்து முடித்த பிறகு கண்மாயிலிருந்து வண்டியை வீடு கொண்டு வந்து சேர்த்தவர் அவர்தான். வெடித்ததாகச் சொன்ன அந்த ஓஸ் எப்படிக் கிழிந்திருந்தது என்று அவரைக் கேட்க வேண்டியிருந்தது.

வந்தார். கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"எந்த ஓஸு தங்கச்சி? ஒண்ணும் கிழியலையே. நட்டு கழண்டு கெடந்துச்சு, அவ்வளவுதான். மரையெல்லாம் நல்லா இருந்துச்சு. ஸ்பேனர் போட்டு எடுத்த நட்டு. நான்தான் திரும்ப முடுக்கி ஓட்டிக்கிட்டு வந்தேன்."

"இத ஏன் பாய் அப்பவே சொல்லல?"

"யாரும் கேக்கலையேம்மா. ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

பார், லூர்து. ஊர் முழுக்கப் பேசியது, ஒருத்தர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எந்த நட்டு என்று காட்டச் சொன்னேன். கையைத் தூக்கித் தாங்கலை மாட்டிவிட்டு, முன் அச்சுக்கு மேலே, ஓஸ்கள் இரும்புக் குழாய்களோடு சேருகிற இடத்துக்குள் கையை விட்டுக் காட்டினார். முன்கைக்கு இரண்டு ஓஸ். ஒன்றில் எண்ணெய் போனால் கை ஏறும், மற்றதில் போனால் இறங்கும். கை மேலே நிற்கும்போது அந்தப் பாரம் முழுவதையும் தாங்கிக்கொண்டிருப்பது ஏற்றுகிற ஓஸ். அந்த நேரத்தில் இறக்குகிற ஓஸ் வெறுமனே கிடக்கும். அதைக் கழற்றினால் ஒன்றும் ஆகாது. சிலிண்டருக்குள் எண்ணெயை அடைத்து நிறுத்துகிற சீல் போயிருக்கிறதா என்று நீ எப்போதும் அதைக் கழற்றித்தான் பார்ப்பாய். எண்ணெய் விடாமல் வடிந்தால் சீல் காலி. இதெல்லாம் நீ சாப்பிட்டுக்கொண்டே சொல்லி எனக்கு மனப்பாடம்.

இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். அதனால் ஒன்றில் சிவப்புத் துணி கட்டியிருந்தாய். என் பழைய சேலையின் கரை. கனி பாய் கை வைத்த நட்டு, துணி இல்லாத ஓஸில் இருந்தது.

"அப்ப எறக்குற ஓஸத்தான கழட்டியிருக்கான்?" என்றார் உன் மச்சான். "செவப்பு கட்டுனதுதான ஏத்துறது?"

கனி பாய் சிலிண்டரில் தொடங்கி, ஒவ்வொரு ஓஸாக விரலால் பிடித்துக்கொண்டே வந்தார். ஒரு தடவை வந்தார். திரும்பிப் போய் இன்னொரு தடவை வந்தார்.

"நீங்க சொன்ன கணக்குக்கு, துணி இங்கிட்டுல்ல இருக்கணும்?" என்றார்.

துணி கட்டாததுதான் ஏற்றுகிற ஓஸ்.

உன் மச்சானுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. விபத்துக்கு முந்தின வாரம் ஆவுடையார்கோவில் பக்கம் வேலை. வெளிப்பக்கம் இருந்த ஓஸ், அதுதான் ஏற்றுகிற ஓஸ், வண்டிச் சட்டத்தில் உரசித் தேய்ந்திருந்ததாம். நல்ல மழையாம். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, நீ இரண்டையும் கழற்றி, வெளியே இருந்ததை உள்ளே விட்டு, உள்ளே இருந்ததை வெளியே போட்டு மாட்டினாயாம். லிவர் சரியாக வேலை செய்தது. கடைசியில் துணியை எடுத்து, எப்போதும் கட்டுகிற மாதிரி வெளிப்பக்கத்து ஓஸில் கட்டிவிட்டாய்.

இவ்வளவுதானா, லூர்து? ஓஸை மாற்றின கைக்கு, துணியை உள்பக்கம் மாற்றிக் கட்ட வேண்டும் என்று தோன்றாமல் போய்விட்டதா?

உன் மச்சான் முகத்தில் நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வண்டிச் சக்கரத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். "இது எனக்குன்னு கட்டுன துணிடி" என்றார். "ஒங்களுக்கு வண்டி ஓட்டத்தான் தெரியும், செவப்பு கட்டிருக்கத மட்டும் தொட்டுறாதீங்க மச்சான்னு சொல்லிக் கட்டுனான். என்னையக் காப்பாத்தக் கட்டுனான்டி." அவர் அப்படி வாய்விட்டு அழுது நான் பார்த்ததில்லை. உன் அடக்கத்தன்றுகூட அழாத மனுஷன். அன்றைக்கு அழத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்திருப்பார்.

எனக்கு அழுகை வரவில்லை. உன் மேல் கோபம் வந்தது. அப்படி ஒரு கோபம். உனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம், நினைவிருக்கிறதா? "பொறுமையான பொண்ணாப் பாருங்கக்கா, எனக்குச் சுத்தமாக் கிடையாது" என்று நீயே சொன்னாய். அந்தப் பொறுமையில் கொஞ்சம் அன்று உனக்கு இருந்திருந்தால்? பக்கெட்டைத் தரையில் இறக்கி வைத்துவிட்டுக் கழற்றியிருந்தால் எந்த ஓஸைக் கழற்றினாலும் என்ன ஆகியிருக்கும்? சட்டையில் எண்ணெய் தெறித்திருக்கும், நான் துவைக்க மாட்டேன் என்று சொல்லியிருப்பேன்.

கனி பாய் டீகூடக் குடிக்காமல் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் வண்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று நான்தான் ஆரம்பித்தேன்.

"சொல்ல வேணாம் அமலி" என்றார்.

"என்னங்க சொல்றீங்க?"

"எனக்குத் தெரிஞ்சிருச்சு, ஒனக்குத் தெரிஞ்சிருச்சு. போதும். அத்தைக்கு எம்மகன் தப்புப் பண்ணலங்கிற ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. அதையும் புடுங்கணுமா? நான்தான்னு இருந்துட்டுப் போகட்டும்."

அவர் இதை நடிப்புக்குச் சொல்லவில்லை. கேட்டில் பூவைச் சொருகிவிட்டு வருகிற வாழ்க்கையை ஆயுள் முழுக்க வாழத் தயாராக இருந்தார். அது மட்டுமில்லை, ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாதா? செத்தவன் மேல் பழியைத் தூக்கிப் போட்டுப் புருஷனைக் காப்பாற்றிக்கொண்டாள் என்று சொல்லும். நீ வந்து இல்லை என்று சொல்லவா போகிறாய்? உன்னால் பேச முடியாத நேரத்தில் உன்னைக் காட்டிக்கொடுப்பது அக்கா செய்கிற காரியமா? இதை நான் வெகுநேரம் யோசித்தேன். ஆனால் உயிரோடு இருக்கிறவரைக் குழிக்குள் தள்ளி உனக்குத் துணை வைக்க என்னால் முடியாது. எனக்கு நீங்கள் இரண்டு பேரும் வேண்டும்.

நேராக அம்மா வீட்டுக்குப் போனேன். "ஒம்மகன் எப்பிடிச் செத்தான்னு காட்டுறேன், வா" என்றேன். வேறு எப்படிச் சொல்வது? அம்மா கையைக் கழுவிக்கொண்டு என் பின்னால் வந்தாள். அத்தனை மாதத்துக்குப் பிறகு என் வாசலுக்கு வந்தாள். உன் மச்சான் அவளைப் பார்த்ததும் எழுந்து மரத்தோரம் ஒதுங்கினார்.

நான் அம்மாவுக்கு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்து சிலிண்டரில் வைத்தேன். "இதுல இருந்து வர்ற ஓஸப் புடிச்சுக்கிட்டே வா. இதுதான் கையத் தூக்கிப் புடிச்சிருக்கும். இதைத் தொடக் கூடாதுன்னுதான் அவன் செவப்புத் துணி கட்டுவான். வா, எங்க வந்து சேருதுன்னு பாரு." அம்மா பிடித்துக்கொண்டே வந்தாள். எண்ணெயும் மண்ணும் விரலில் அப்பியது. கடைசியில் நட்டில் கை நின்றது. துணி இல்லை. துணி பக்கத்து ஓஸில் இருந்தது.

அம்மா துணியைத் தொட்டுப் பார்த்தாள். அதன் முடிச்சைத் திருப்பிப் பார்த்தாள். யாராவது பிறகு வந்து மாற்றிக் கட்டியிருப்பார்களோ என்று அவள் நினைத்திருக்கலாம். அதை நினைக்க அவளுக்கு உரிமை உண்டு. ஆனால் முடிச்சைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"இது அவன் முடிச்சு" என்றாள். "ஆட்டுக்குட்டிய இப்பிடித்தான் கட்டுவான். அறுத்துத்தான் எடுக்கணும்."

பிறகு, திரும்பாமலே, உன் மச்சானிடம் பேசினாள். "ஏன் மாப்ள, நீங்களாச்சும் ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டேன் அத்தை" என்றார் அவர். எனக்கே அதுவரை தெரியாது. "கீழ பூந்தப்ப, ஒரு கட்டைய முட்டுக் கொடுக்கவாடான்னு கேட்டேன். சிரிச்சான்."

அம்மா முடிச்சிலிருந்து கையை எடுத்தாள். "சிரிப்பான்" என்றாள்.

அப்புறம் மண்ணிலேயே உட்கார்ந்து உன்னைத் திட்டினாள் பார், லூர்து. நீ செத்ததிலிருந்து உன்னைச் சாமி மாதிரி வைத்திருந்தவள், எடுபட்ட பயலே, எல்லாம் தெரியும் எல்லாம் தெரியும்னு இப்பிடிப் போயிட்டியேடா என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு திட்டினாள். தெரு கூடிவிட்டது. நான் தடுக்கவில்லை. கடைசியில் எழுந்து, எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, சிலிண்டரில் மாட்டியிருந்த தாங்கலைப் பார்த்தாள். "மாப்ள, கதவுக்கு முட்டு வைக்க வேற கம்பி ஒண்ணு பாத்துத் தாங்க. மாடு வெளிய வந்துரும்" என்றாள். அவர் "சரிங்கத்தை" என்றார். அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் கம்பியை வெட்டிக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அங்கேயே சாப்பிட்டுவிட்டு வந்தார்.

அடுத்த வாரம் கனி பாய் வந்து நீ தொடங்கிய வேலையை முடித்தார். இந்தத் தடவை சீட்டில் உன் மச்சான் ஏறினார். முதலில் பக்கெட்டைத் தரையில் வைத்து, அழுத்தத்தை எல்லாம் விட்டு, இறக்குகிற ஓஸைக் கழற்றி வாளிக்குள் விட்டு, அது சேர்ந்திருந்த இரும்புக் குழாயின் வாய்க்கு அடைப்புப் போட்டார்கள். துணியை நம்பவில்லை, சிலிண்டரிலிருந்து கையால் பிடித்துக்கொண்டு வந்துதான் கழற்றினார்கள். பிறகு முன்கையை முழுக்கத் தூக்கி, தாங்கல் மாட்டி, கனி பாய் எட்ட நின்றுகொண்டு லிவரை ஏற்றுகிற பக்கமே பிடித்திருக்கச் சொன்னார். முன்பே உள்ளே கிடந்த எண்ணெய் வந்து தீர்ந்த பிறகும், வாளிக்குள் வடிந்துகொண்டே இருந்தது. நிற்கவே இல்லை.

"சீலுதான்" என்றார் கனி பாய். "லூர்து சரியாத்தான் சொல்லிருக்கான்."

கழற்றி எடுத்த சீலை என் உள்ளங்கையில் வைத்தார். ஓரம் பிய்ந்த ஒரு வளையம். நோயைச் சரியாகத்தான் சொன்னாய், தம்பி. நரம்பைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டாய். அந்த வளையத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் முதல் தடவையாக உனக்காக மட்டும் அழுதேன். அதுவரை அழுததில் பாதி சந்தேகத்துக்கான அழுகை.

ஊர் பேசத்தான் செய்கிறது. நான் நினைத்த மாதிரியே பேசுகிறது. டீக்கடையில் இரண்டு பேர் இன்னமும் லிவர் கதைதான் சொல்கிறார்கள். சொல்லட்டும். நேற்று கடைக்கால் தோண்டிய வீட்டுக்காரர் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார், "ஒங்க தம்பி இந்த வண்டியிலதானம்மா... எப்பிடிம்மா?" முன்பெல்லாம் இதைக் கேட்டால் விதி என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நேற்று, உன் மச்சான் சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொன்னேன், "தப்பான ஓஸக் கழட்டிட்டான் சார். கைய எறக்காமக் கழட்டிட்டான்." சொல்லி முடித்ததும் உன்னைத் தெருவில் நிறுத்திவிட்ட மாதிரி இருந்தது. அதே நேரத்தில், நீ மறுபடி என் தம்பியாக, தப்பும் தவறுமாக, பக்கத்தில் வந்து நின்ற மாதிரியும் இருந்தது.

இனி யார் கேட்டாலும் இதைத்தான் சொல்லப்போகிறேன். நீ கோபித்துக்கொண்டாலும் சொல்வேன். உனக்கு ஒரு வாக்கும் தருகிறேன். பக்கெட் தரையில் இறங்காமல், இறங்க முடியாதபோது தாங்கல் மாட்டாமல், எப்பேர்ப்பட்ட மெக்கானிக்கையும் நம் வண்டிக்கு அடியில் விடமாட்டேன். முட்டுக் கொடுக்கவா என்று உன் மச்சான் கேட்பார். அதற்கு எவனாவது சிரித்தால், உனக்குக் கொடுக்காமல் விட்ட அறையை அவனுக்குக் கொடுப்பேன்.

உன் மச்சானுக்கு மறுபடி பெண்டாட்டியாகவும், உனக்கு எப்போதும் அக்காவாகவும் இருக்கிற
அமலி